வெட்டுக்கத்தி

வெட்டுக்கத்தி என்பது பிடியோடு அசையாமல் பொருத்தப்பட்ட, தடித்த அலகைக் கொண்ட கைக்கருவி ஆகும். இதன் அலகு பிடிக்குள் மடங்காது. எனவே இது நிலையலகுக் கத்திகள் என்னும் வகையைச் சேர்ந்தது. கிளை கழித்தல், தேங்காய் வெட்டுதல், கரும்பு அறுவடை, விறகு பிளத்தல், பலாப்பழம் அறுத்தல் முதலிய வேலைகளுக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இது அன்றாடம் பயன்படுகின்றது. மடக்குக் கத்தியில் அலகையும் பிடியையும் இணைக்கும் ஆணியே வலுக் குறைந்த இடமாகும். வெட்டுக்கத்தியில் அத்தகைய மூட்டு இல்லாததால் ஓங்கி வெட்டும் விசையை அது தாங்குகின்றது.

குறைந்த விலையில் கிடைக்கும் உறுதியான கருவி என்பதால் வெட்டுக்கத்தி பரிசாகவும் வழங்கப்படுகின்றது. எனினும் விலைக்கும் உறுதிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒரே கடையில், ஒரே விலையில், ஒரே தோற்றத்தில் இருக்கும் இரு கத்திகளுள் ஒன்று இருபது ஆண்டுகள் உழைக்கலாம். மற்றொன்று முதல் வாரத்திலேயே வளையலாம் அல்லது உடையலாம். இந்த வேறுபாட்டுக்கான காரணங்கள் எஃகின் சேர்மானம், அதைத் தோய்த்த முறை, அலகு பிடியோடு இணையும் விதம் ஆகிய மூன்றிலும் அடங்கியுள்ளன. இம்மூன்றும் பார்த்தவுடன் தெரிவதில்லை. இக்கட்டுரை கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முதன்மையாகக் கொண்டு அவற்றை விளக்குகின்றது.

பெயர்கள்

வட தமிழ்நாட்டில் வெட்டுக்கத்தி, கொடுவாள் என்னும் இரு பெயர்களும் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் கொடுவாள் "கொடுவா" எனக் குறுகும். நுனி வளைந்ததைக் கொடுவாள் என்றும், ஏறத்தாழ நேராக உள்ளதை வெட்டுக்கத்தி என்றும் வேறுபடுத்துவோர் உளர். ஆனால் இந்த வேறுபாடு எல்லா ஊர்களிலும் காக்கப்படுவதில்லை. தென் மாவட்டங்களில் அரிவாள் என்னும் சொல்லே பொதுவாக வழங்குகின்றது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த "திருப்பாச்சி" திரைப்படத்துக்குப் பிறகு அப்பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது. ஆனால் அவ்வூர்ப் பட்டறைகளில் வேளாண் கருவிகளும் செய்யப்படுகின்றன என்பது அதே அளவுக்குப் பரவவில்லை.

இலங்கைத் தமிழில் காட்டுக்கத்தி, மன்னாக்கத்தி என்னும் பெயர்களும், மலேசியத் தமிழில் பாராங் கத்தி என்னும் பெயரும் ஏறத்தாழ இதே கருவியைக் குறிக்கின்றன. மலையாளத்தில் இது வெட்டுகத்தி எனப்படுகின்றது.

கடலூர், சிதம்பரம் வட்டாரப் பயன்பாடு

இவ்வட்டாரத்தின் பயிர்கள் ஒவ்வொன்றும் கத்தியிடம் வெவ்வேறு பண்பை வேண்டுகின்றன. நெல்லிக்குப்பத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை அமைந்ததால் கரும்பு இங்கு நீண்ட காலமாகப் பயிரிடப்படுகின்றது. கரும்பின் அடிப்பகுதியில்தான் சர்க்கரை மிகுதி. அதனால் தரையை ஒட்டி, ஒரே வெட்டில் துண்டாக்க வேண்டும். மழுங்கிய கத்தியால் இரண்டு மூன்று முறை கொத்தினால் அடிக்கட்டை பிளந்து, அதிலிருந்து தழைக்க வேண்டிய மறுதாம்புப் பயிர் பாதிக்கப்படும். கத்தி அடிக்கடி மண்ணில் படுவதால் வெட்டுவாய் விரைவில் மழுங்கும். ஆகவே கரும்புக் கத்தியின் அலகு மெல்லியதாகவும் எளிதில் தீட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலங்களில் சவுக்கு பயிரிடப்படுகின்றது. சவுக்கு மிகக் கடினமான மரம். மென்மையான இரும்பால் செய்த கத்தியின் வாய் இதில் பட்டால் மடிந்து சுருண்டுவிடும். மிகையாகக் கடினப்படுத்திய கத்தியாயின் வாய் சிம்பு சிம்பாக உதிரும். கத்தியின் தரத்தைக் காட்டிக்கொடுப்பதில் சவுக்குக்கு இணையான மரம் இவ்வட்டாரத்தில் இல்லை எனலாம்.

பண்ருட்டிப் பகுதி பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்றது. பலாப்பழம் அறுக்கும்போது அதன் பால் அலகில் பசையாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் கத்தியிலும் கையிலும் முன்னதாக எண்ணெய் தடவிக்கொள்வர். 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இப்பகுதியின் முந்திரி, பலா மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. விழுந்த மரங்களைக் கழித்து வழி திறப்பதில் மரம் அறுக்கும் இயந்திரங்களோடு வெட்டுக்கத்திகளும் பயன்பட்டன. பல தலைமுறை மரங்களை ஒரே இரவில் இழந்த வீடுகளில், காய் பறிக்கவும் கிளை கவாத்து செய்யவும் வைத்திருந்த கத்தியே வேரோடு சாய்ந்த மரத்தை விறகாக்கவும் எடுக்கப்பட்டது.

கடலூர் முதுநகரின் மீன்பிடித் துறையிலும் பரங்கிப்பேட்டை முதலான கடலோர ஊர்களிலும் சிக்கல் வேறு வகையானது. உப்புக் காற்றும் உப்பு நீரும் கரிம எஃகை ஓரிரு நாள்களிலேயே துருப்பிடிக்கச் செய்யும். அங்கு வெட்டும் விசையைவிடத் துருவை எதிர்க்கும் பண்பே முதன்மை பெறுகின்றது.

பரங்கிப்பேட்டையும் கத்தி எஃகும்

இவ்வட்டாரம் கத்திகளைப் பயன்படுத்திய இடம் மட்டுமன்று. மலிவான, உறுதியான கத்தி எஃகு உலகில் பரவிய வரலாற்றிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு.

தென்னிந்தியாவில் மூடிய மண் குகைகளில் இரும்பை உருக்கி உயர் கரிம எஃகு செய்யும் முறை மிகப் பழமையானது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழாய்வின்போது இதற்கான சான்றுகள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் இந்த எஃகை "ஊட்சு" என்றனர். இப்பெயர் திராவிட மொழிகளில் எஃகைக் குறிக்கும் உருக்கு, உக்கு என்னும் சொற்களிலிருந்து தோன்றியது எனக் கருதப்படுகின்றது. 1795-இல் சார்ச்சு பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் ஊட்சு பற்றிய ஆய்வுரையை அளித்தார். பின்னர் மைக்கேல் பரடே, கத்தி செய்பவரான சேம்சு இசுட்டோடார்ட்டு என்பவருடன் இணைந்து இதனை ஆராய்ந்தார். ஒரு கத்திக் கடைக்காரரும் ஓர் அறிவியலாளரும் சேர்ந்து தென்னிந்திய எஃகின் இரகசியத்தைத் தேடியது வேதியியல் வரலாற்றில் சுவையான நிகழ்வாகும்.

வெள்ளாற்றின் கழிமுகத்தில், சிதம்பரத்துக்கு வடகிழக்கே அமைந்துள்ள பரங்கிப்பேட்டை, போர்த்துக்கேயரால் போர்ட்டோ நோவோ எனப்பட்டது. ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே 1781-இல் நடந்த போரால் வரலாற்று நூல்களில் இடம்பெறும் ஊர் இது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அலுவலராக இருந்த சோசையா மார்சல் ஈத்து என்பவர் 1830-ஆம் ஆண்டளவில் இங்கு ஐரோப்பிய முறையிலான இரும்பு உலைகளை அமைத்தார். சேலம் பகுதியின் காந்தக்கல் தாது தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டு, மரக்கரியைக் கொண்டு உருக்கப்பட்டது. இங்கு உருவான வார்ப்பிரும்பு இங்கிலாந்தின் செபீல்டு நகருக்கு ஏற்றுமதியானது. வேல்சிலுள்ள பிரித்தானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டதாகவும் கூறப்படுகின்றது.

ஆலை இலாபம் ஈட்டவில்லை. ஓர் உலைக்கு வேண்டிய கரிக்காகவே பெருமளவு காடு தேவைப்பட்டது. தாது கிடைத்த இடமும் உலை இருந்த இடமும் வெகு தொலைவில் இருந்தன. அக்காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரியைக் கொண்டு மிக மலிவாக இரும்பு உருவாக்கப்பட்டது. கை மாறி, பெயர் மாறி நடந்த ஆலை 1860-களில் நின்றுபோனது.

ஆனால் ஈத்து பரங்கிப்பேட்டையில் பெற்ற அனுபவம் வேறொரு வழியில் பயன் தந்தது. அன்று செபீல்டில் நல்ல கத்தி எஃகு செய்ய விலை உயர்ந்த சுவீடன் இரும்பே வேண்டியிருந்தது. பிரித்தானிய இரும்பில் கந்தகம் மிகுதி. கந்தகம் இரும்புடன் சேர்ந்து எளிதில் உருகும் சேர்மமாகிப் படிகங்களுக்கு இடையே தங்குவதால், சூடாக்கி அடிக்கும்போது எஃகு வெடித்துவிடும். உருக்கு குகையில் சிறிதளவு மங்கனீசுக் கரிமத்தைச் சேர்த்தால் இக்குறை நீங்குகின்றது என ஈத்து கண்டறிந்து, 1839-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மங்கனீசு கந்தகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் என்னும் விளக்கம் பிற்காலத்தில் தெளிவானது. அவர் காலத்தில் தெரிந்தது விளைவு மட்டுமே. மலிவான இரும்பிலிருந்து நன்கு அடித்து நீட்டக்கூடிய எஃகு கிடைத்ததால் கத்திகளின் விலை வெகுவாகக் குறைந்தது.

ஈத்துக்கு இதனால் செல்வம் சேரவில்லை. மங்கனீசுக் கரிமத்தைத் தனியாகச் செய்து சேர்ப்பதற்கு மாற்றாக, மங்கனீசு ஆக்சைடையும் கரியையும் நேரே குகையில் இட்டால் அதே விளைவு இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்பது விரைவில் தெரியவந்தது. காப்புரிமை ஆவணத்தில் அந்த வழி எழுதப்பட்டிருக்கவில்லை. அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவரே அவ்வாறு செய்தார். பல ஆண்டுகள் நீடித்த வழக்கு முடிவதற்குள் 1851-இல் ஈத்து இறந்தார். 1855-இல் பிரபுக்கள் அவை அன்வினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

இன்று கொல்லர் பட்டறைகளில் வெட்டுக்கத்தி செய்யப் பயன்படும் பழைய லாரி வில்பட்டைகளிலும் ஏறத்தாழ 0.7 முதல் 1.0 விழுக்காடு வரை மங்கனீசு உண்டு. கடலூர் வட்டாரத்தில் ஒருவர் வாங்கும் கத்தியில், அதே மண்ணில் தோல்வியுற்ற ஓர் ஆலையோடு தொடர்புடைய அந்த வேதியியல் இருக்கின்றது.

எஃகின் வகைகள்

இரும்பில் உள்ள கரிமத்தின் அளவே கத்தியின் பண்பை முதன்மையாகத் தீர்மானிக்கின்றது. கட்டுமானக் கம்பிகளிலும் சாதாரணத் தகடுகளிலும் கரிமம் ஏறத்தாழ 0.25 விழுக்காட்டுக்கும் குறைவு. இதை எவ்வளவு சூடாக்கித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. சந்தையில் பளபளப்பாகத் தீட்டி வைக்கப்படும் மிக மலிவான கத்திகள் சில இத்தகையவை. தேங்காய் வெட்டிய முதல் நாளே இவற்றின் வாய் மடியும்.

லாரியின் அச்சுக்கு மேல் அடுக்கடுக்காக இருக்கும் வில்பட்டை எஃகில் கரிமம் 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். கூடவே மங்கனீசும், வகையைப் பொறுத்துச் சிலிக்கன் அல்லது குரோமியமும் உண்டு. ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்வதற்கென்றே உருவாக்கப்பட்ட எஃகு என்பதால் ஓங்கி வெட்டும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமானது குறைந்த விலையில் கிடைப்பது அரிது. நேபாளத்துக் குக்கிரிக் கத்திகளும் பெரும்பாலும் வண்டி வில்பட்டைகளிலிருந்தே செய்யப்படுகின்றன. ஆயினும் நெடுநாள் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கக்கூடும். இது பழைய பட்டையின் ஒரே பெருங்குறை.

பழைய அரத்தை அடித்துச் செய்யும் கத்தியில் கரிமம் ஒரு விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். கூர்மை நெடுநாள் நிற்கும். எனினும் ஓங்கி வெட்டினால் உடையும் தன்மை மிகுதி என்பதால் இது சிறு கத்திகளுக்கே ஏற்றது.

துருவேறா எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். கடலோர வேலைக்கும் சமையலறைக்கும் இது நன்று. விலை குறைந்த துருவேறா எஃகுக் கத்திகள் பொதுவாக மென்மையானவை. அடிக்கடி தீட்ட வேண்டும். ஆனால் நனைந்த படகில் கிடந்தாலும் கெடாத கத்தி மீனவருக்குத் தரும் பயன், கூர்மை குறைவதால் ஏற்படும் தொல்லையைவிடப் பெரிது. சுவீடனின் மோரா நகரில் செய்யப்படும் சிறு நிலையலகுக் கத்திகள், கரிம எஃகிலும் துருவேறா எஃகிலும் குறைந்த விலையில் கிடைப்பதால் உலகெங்கும் பெயர் பெற்றவை. அவை செதுக்கவும் மீன் அரியவும் உகந்தவை. கிளை வெட்ட அவை போதா.

செய்முறை

கொல்லர் வில்பட்டையை வேண்டிய அளவுக்குத் துண்டாக்கி, உலையில் பழுக்கக் காய்ச்சி, பட்டடைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து நீட்டுவார். முதுகு தடித்தும் வாய் மெலிந்தும் வருமாறு அடிப்பதே இதில் நுட்பம். முன்பு துருத்தியை ஒருவர் இயக்க, ஒருவர் பிடிக்க, மற்றொருவர் அடிக்க வேண்டியிருந்தது. மின் ஊதிகளும் இயந்திரச் சம்மட்டிகளும் வந்தபின் ஆள்தேவை குறைந்துள்ளது.

வடிவம் வந்தபின் நடைபெறும் தோய்ச்சலே கத்தியின் தலைவிதியைத் தீர்மானிக்கும் கட்டமாகும். ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் பண்பை இழக்கின்றது. வில்பட்டை எஃகு அதற்கும் சற்று மேலே, 850 பாகையை ஒட்டிச் சூடேறியதும் வாய்ப்பகுதியை எண்ணெயில் தோய்க்கின்றனர். தண்ணீரில் தோய்ப்பதும் உண்டு. அப்போது குளிர்தல் மிக விரைவாக நடப்பதால் இத்தகைய எஃகில் வெடிப்பு உண்டாகும் வாய்ப்பு கூடுகின்றது.

தோய்த்த எஃகு கண்ணாடி போல் கடினமாகவும் நொறுங்கக்கூடியதாகவும் இருக்கும். எனவே அதனை மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். மேற்பரப்பைத் தேய்த்து வெளுப்பாக்கிவிட்டுச் சூடேற்றும்போது நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். 220 பாகையளவில் வைக்கோல் மஞ்சள், 255 பாகையளவில் பழுப்பு, 280 பாகையளவில் ஊதா, 300 பாகையளவில் நீலம். சவரக்கத்தி மஞ்சளில் நிறுத்தப்படும். ஓங்கி வெட்டும் கத்தி ஊதாவுக்கோ நீலத்துக்கோ போக வேண்டும். தோய்ப்பதற்கு முன் பழுக்கக் காய்ந்த எஃகு ஒளிரும் நிறத்தை வெப்பமானி இன்றிக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதால்தான் பட்டறை உள்ளே இருட்டாக வைக்கப்படுகின்றது. அழுக்கு என்று எண்ணப்படும் அந்த இருட்டு, உண்மையில் ஓர் அளவுகருவியின் பகுதி.

வாய் மட்டும் கடினமாகவும் முதுகு மென்மையாகவும் இருப்பது நல்ல வெட்டுக்கத்தியின் இலக்கணம். முதுகு அதிர்ச்சியை ஏற்கும். வாய் கூர்மையைக் காக்கும்.

தேர்ந்தெடுத்தல்

பரிசுக்கான கத்தியைத் தேர்வதில் உள்ள தனிச்சிக்கல், வாங்குபவரின் கைக்கன்றி வேறொருவரின் கைக்குத் தேர வேண்டியிருப்பதாகும். பெறுபவரின் வேலை என்ன என்பதே முதல் கேள்வி. கரும்புக் கத்தியைச் சவுக்குத் தோப்புக்காரருக்கும், தடித்த விறகுக் கத்தியைக் கரும்பு வெட்டுபவருக்கும் கொடுத்தால் இரண்டுமே மூலையில் கிடக்கும். நாள் முழுதும் ஓங்கும் கைக்கு நூறு கிராம் கூடுதல் எடையும் மாலையில் தோள்வலியாகும். தோட்டத்தில் எப்போதாவது பயன்படுத்துபவருக்கோ சற்றுக் கனமான கத்தியே வேலையை எளிதாக்கும்.

எஃகை அறிவதற்கு எளிய வழிகள் சில உள்ளன. அலகை நூலில் தொங்கவிட்டு, அல்லது பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, விரல் கணுவால் தட்டினால் குறையற்ற அலகு கணீரென ஒலிக்கும். வெடிப்புள்ளது மந்தமாக ஒலிக்கும். பிடி தளர்ந்திருந்தாலும் ஒலி மங்கும் என்பதால் இதை மட்டும் நம்ப இயலாது. அரத்தை வாயில் மெல்ல இழுத்துப் பார்ப்பது இதைவிட உறுதியான முறை. பதமான வாயில் அரம் சிரமப்பட்டே பற்றும். முதுகில் எளிதாகப் பற்றும். வாயிலும் வெண்ணெய் போல் இறங்கினால் அது தோய்க்கப்படாதது. அரம் சிறிதும் பற்றாமல் வழுக்கினால் பதப்படுத்தப்படாதது, உடையக்கூடியது. சாணை பிடிக்கும்போது பறக்கும் பொறிகளும் செய்தி சொல்லும். கரிமம் குறைந்த இரும்பு நீண்ட கோடுகளாகப் பொறி வீசும். கரிமம் மிகுந்த எஃகின் பொறிகள் மத்தாப்பைப் போல் கிளைத்து வெடிக்கும். இவை எல்லாம் பட்டறையில் கேட்டால் செய்து காட்டக்கூடியவை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. தன் வேலையில் நம்பிக்கை உள்ள கொல்லர் மறுப்பதும் அரிது.

அலகின் வால், அதாவது பிடிக்குள் செல்லும் பகுதி, பெரும்பாலானோர் கவனிக்காதது. கத்திகள் பெரும்பாலும் உடைவது வாயில் அன்று, வாலும் அலகும் சேரும் கழுத்தில்தான். வால் பிடியின் முழு நீளத்துக்கும் சென்று, மறுமுனையில் வெளிவந்து மடக்கப்பட்டிருந்தால் உறுதி மிகும். அல்லது பிடியின் அகலத்துக்கே வால் இருந்து, இருபுறமும் கட்டை வைத்து ஆணி அறையப்பட்டிருக்க வேண்டும். கழுத்து செங்கோணமாக வெட்டப்படாமல் வளைவாக அமைந்திருப்பதும் தேவை. கூர்மூலையில்தான் வெடிப்பு தொடங்கும். பிடி, அலகைச் சேரும் இடத்தில் இரும்புப் பூண் இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். இல்லையெனில் மரம் பிளந்து, ஓங்கும்போது அலகு தனியே பறக்கும். அருகில் வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

1982-இல் வெளிவந்த "பர்ஸ்ட் பிளட்" என்னும் அமெரிக்கத் திரைப்படத்துக்குப் பிறகு, முதுகில் இரம்பப் பல்லும் உள்ளீடற்ற பிடியும் கொண்ட கத்திகள் பரவலாகின. பிடிக்குள் தீக்குச்சி வைக்கலாம் என்பது அவற்றின் கவர்ச்சி. வாலே இல்லாமல் திருகாணியால் பொருத்தப்பட்ட மலிவான போலிகள் ஓங்கிய மாத்திரத்தில் கழன்றுவிடும். பரிசுப் பொருளாக இன்றும் விற்கப்படும் இவை, பட்டறைக் கத்தியைவிட விலை மிகுந்தும் உறுதி குறைந்தும் இருப்பது வியப்புக்குரியது.

பெறுபவர் இடக்கையர் எனில், ஒருபுறம் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்ட கத்தியைத் தவிர்த்தல் வேண்டும். வழக்கமான ஒருபுறச் சரிவு வலக்கையர்க்கு உரியது. இடக்கையில் அது வெட்டும் திசையிலிருந்து விலகிச் செல்லும். இருபுறமும் சமமாகத் தீட்டியது எவர்க்கும் பொருந்தும். பட்டறையில் முன்னரே சொன்னால் இடக்கைக்கு ஏற்பவும் செய்து தருவர். கடையில் அடுக்கி வைத்த கத்தியில் அந்த வாய்ப்பு இல்லை.

கைப்பிடிக்கு வாகை, வேம்பு, புளி, கருவேலம் முதலிய மரங்கள் பயன்படுகின்றன. வழவழப்பாக மெருகிட்ட பிடி கடையில் அழகாக இருக்கும். வியர்த்த கையில் வழுக்கும். பிடியின் கடைப்பகுதி சற்றுப் பருத்திருந்தால் கை நழுவாது.

பரிசாக அளித்தல்

வெட்டும் கருவிகளைக் கொடுப்பது தமிழ் வழக்கில் புதிதன்று. மணமகளுக்கு அளிக்கும் சீர்வரிசையில் அரிவாள்மணை இடம்பெறும். பலகையில் நிலையாகப் பதித்த அலகு என்பதால் அதுவும் ஒருவகை நிலையலகுக் கத்தியே. ஐயனார், கருப்பசாமி முதலிய காவல் தெய்வங்களுக்கு நேர்த்திக்கடனாக அரிவாள் செய்து வைக்கும் வழக்கமும் உள்ளது. ஆயுத பூசையன்று வேலைக் கருவிகள் கழுவப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டுப் படைக்கப்படுகின்றன. அந்நாளை ஒட்டிப் புதிய கருவி வாங்குவோரும் உளர்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்னும் நம்பிக்கை சில குடும்பங்களில் காணப்படுகின்றது. அவர்கள் தரையில் வைத்து, பெறுபவரே எடுத்துக்கொள்ளுமாறு செய்வர். ஐரோப்பாவிலும் கத்தி நட்பை அறுக்கும் எனக் கருதி, பெறுபவர் ஒரு சிறு நாணயத்தைத் திருப்பித் தந்து அதனை வாங்கியதாக ஆக்கிக்கொள்வதுண்டு. பின்லாந்தில் இதற்கு மாறாக, புக்கோ எனப்படும் நிலையலகுக் கத்தியைப் பரிசளிப்பது மதிப்பின் அடையாளம். கூரிய பொருள் கைமாறும்போது காயம் நேரலாம் என்னும் எச்சரிக்கை உணர்வு இந்நம்பிக்கைகளுள் சிலவற்றின் அடியில் இருக்கக்கூடும்.

பரிசளிக்கும் கத்தியோடு உறையும் ஒரு சாணைக்கல்லும் சேர்த்துக் கொடுப்பது பயனுள்ளது. கூர்மை இழந்த கத்தியைக் கூடுதல் விசையோடு ஓங்க நேர்வதால், மழுங்கிய கத்தியே பெரிய காயங்களை உண்டாக்குகின்றது. கரும்பு வெட்டுவோர்க்கு இடக்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஏற்படும் வெட்டுகள் இத்தகையவை. உறை தோலாலோ, தடித்த துணிப்பட்டையாலோ, பழைய குழாயைப் பிளந்தோ செய்யப்படலாம். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் கடலோரங்களில் அதற்குள் கத்தியை நெடுநாள் விட்டுவைத்தல் ஆகாது.

சட்ட நிலை

1959-ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளைக் கூரிய படைக்கலங்களாக வகைப்படுத்துகின்றன. ஆனால் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றின் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்டவை இவ்வகையில் அடங்கா. 2016-இல் வந்த புதிய விதிகளிலும் இந்த விலக்கு தொடர்கின்றது. ஆகவே வேளாண் வெட்டுக்கத்தியை வாங்குவதும் கொடுப்பதும் குற்றமன்று. காரணமின்றிப் பொது இடத்தில் அதனை ஏந்தித் திரிவது வேறு செய்தி.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை நடத்திய சோதனைகளை அடுத்து, அரிவாள், கத்தி செய்யும் பட்டறைகளும் விற்கும் கடைகளும் வாங்குவோரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், வாங்கும் நோக்கம் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும் என அறிவுறுத்தப்பட்டது. பட்டறையில் இவ்விவரங்களைக் கேட்பது இதனால்தான். வாங்கிய கத்தியைப் பேருந்தில் எடுத்துச் செல்லும்போது தாளிலும் சாக்கிலும் நன்கு சுற்றி, வாங்கிய சீட்டையும் உடன் வைத்திருப்பது நலம். வானூர்தியில் கைப்பையில் கொண்டுசெல்ல இயலாது.

பராமரிப்பு

கரிம எஃகுக் கத்தியை வேலை முடிந்ததும் துடைத்து, உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டு வைத்தால் துரு அணுகாது. கடற்கரை ஊர்களில் முதலில் நல்ல நீரால் உப்பைக் கழுவ வேண்டும். நாளடைவில் அலகில் படியும் கருஞ்சாம்பல் நிறம் துரு அன்று. அது ஓரளவு காப்பாகவே அமையும். அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் தேவையற்றது.

மின் சாணையில் தீட்டும்போது வாய் நீல நிறமடைந்தால் அவ்விடத்தில் கூடுதல் சூடேறி, பதம் குலைந்துவிட்டது என்று பொருள். அப்பகுதி பின்னர் விரைவில் மழுங்கும். இடையிடையே நீரில் நனைத்துக்கொண்டே தீட்டுதல் இதனைத் தவிர்க்கும். பிடி தளர்ந்தால் பூணைக் கழற்றி, துளையில் அரக்கை நிரப்பி, வாலை மட்டும் மிதமாகச் சூடாக்கி இறக்குவர். அவ்வாறு செய்கையில் அலகின் வாய்ப்பகுதி ஈரத்துணியால் சுற்றப்பட்டிருக்க வேண்டும்.